மீடியம் சைஸ் முகம்

அருள்தாஸின் வேனில் ஏறுகிற பெண்கள் தூங்குவதற்காகவே ஏறுகிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை. விடியற்காலை நாலே முக்காலுக்குப் பாகூரில் வண்டியை எடுத்து, கரிக்கலாம்பாக்கம், மங்கலம், வில்லியனூர் என்று இரண்டு பேர் மூன்று பேராக ஏற்றிக்கொண்டு, ஆறு மணிக்குச் சேதராப்பட்டில் இருக்கிற கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். மொத்தம் பதினெட்டுப் பேர். மூன்றரைக்கே எழுந்து, சோறாக்கி மூடி வைத்துவிட்டு ஓடி வருகிறவர்கள். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் தலை சாயும், வாய் திறந்துகொள்ளும். அருள்தாஸ் மேலே இருக்கிற கண்ணாடியில் அதைப் பார்ப்பார். பள்ளம் வந்தால் வண்டியை மெல்ல இறக்கி மெல்ல ஏற்றுவார். வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர, ஆறு வருஷத்தில் அவர் சம்பாதித்த பெருமை அதுதான். தன்னை நம்பிப் பதினெட்டுப் பேர் தூங்குகிறார்கள்.

இன்னொரு பெருமையும் உண்டு. அது அவருடைய பல். ஐம்பத்தோரு வயதில் வரிசை கலையாமல், கறை இல்லாமல், பளிச்சென்று இருக்கும். "தாஸ் அண்ணே சிரிச்சா பேஸ்ட் விளம்பரம் தோத்துப்பூடும்" என்று வேனில் கிண்டல் செய்வார்கள். அவரும் அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்.

அந்தப் பல் கடலூரில் செய்தது. நாற்பத்து நாலு வயதில் பாக்குப் பொட்டலம் அவருடைய ஈறுகளைத் தின்று தீர்த்துவிட்டது. ஒவ்வொன்றாக ஆடி, மேல்வரிசை மொத்தமும் கீழ்வரிசையில் பாதியும் போய்விட்டன. புதுச்சேரியில் பல் கட்டினால் தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைப்பான் என்று, நெய்வேலியில் இருக்கிற அக்கா வீட்டில் தங்கி லாரி ஓட்டப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போய், இரண்டு மாதம் கழித்துப் புதுப் பல்லோடு திரும்பினார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அக்கா, கடலூர் டாக்டர், மனைவி ஸ்டெல்லா. படுக்கப் போகும்போது கழற்றி ஒரு சில்வர் டம்ளர் தண்ணீரில் போடுவார். காலையில் ஸ்டெல்லா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எடுத்து மாட்டிக்கொள்வார். கட்டின பெண்டாட்டியிடமே அவ்வளவு வீம்பு.

இப்படி இருந்தவருக்குத்தான் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. வில்லியனூர் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடவே இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். ஆனால் அடுத்து அவருக்குத் தெரிந்தது 'டொம்' என்ற சத்தம்தான். வண்டி தானாக உருண்டு போய் டிராக்டரின் பின்பக்கத்தில் முட்டியிருந்தது. பெரிய சேதமில்லை. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்கிற செங்கமலத்துக்கு மட்டும் முன்சீட்டுக் கம்பியில் இடித்து நெற்றி வீங்கிவிட்டது.

"தூங்கிட்டீங்களா அண்ணே?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா. எப்பிடின்னே தெர்ல."

மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தார். பதினெட்டு ஜோடிக் கண்கள் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருத்தியும் தூங்கவில்லை. மங்கலம் தாண்டியதும் செங்கமலம் ஆரம்பித்தாள். "அண்ணே, நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு?"

"முருங்கக்காம்மா."

ஐந்து நிமிடம் கழித்து, "தொட்டுக்க இன்னாண்ணே?" இன்னும் ஐந்து நிமிடம் கழித்து, "அண்ணி மல்லாட்ட அரைச்சி ஊத்துவாங்களா?" குழம்பிலிருந்து வேர்க்கடலை வரை கேட்டுக் கேட்டுத் தன்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிய வில்லியனூர் வரை ஆயிற்று. அன்று சாயங்காலம் நேராக வேன் முதலாளி கலைவேந்தன் வீட்டுக்குப் போய்ச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"யாருய்யா உன்ன வேணாம்னாங்க?" என்றார் கலைவேந்தன்.

"யாரும் சொல்லல மொதலாளி. பொம்பளைங்க தூங்க மாட்றாங்க."

"நீ தூங்குனா தப்பு. அவங்க தூங்கலன்னா இன்னா தப்பு?" கலைவேந்தனுக்கு மண்டை காய்ந்தது. கடைசியில், "சரி, ஆஸ்பத்திரிக்குப் போ. வண்டி ஓட்டலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வா. அது வரைக்கும் அரிகரன் ஓட்டட்டும்" என்றார். அரிகரன் மாற்று டிரைவர். பள்ளத்தையெல்லாம் தாண்டிக் குதிக்கிறவன். அவன் வண்டியில் பிணம்கூடத் தூங்காது.

ஸ்டெல்லாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நாலு வருசமா சொல்றன். கொறட்ட வுட்டுனே இருப்பீங்க, பொட்டுனு நிக்கும். நா எழுந்து மூக்குல கைய வெச்சிப் பாப்பன். அப்புறம் குபுக்குனு மூச்ச இழுப்பீங்க. கேட்டாத்தான?"

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இரவு தலையிலும் மார்பிலும் ஒயரை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டு முறை மூச்சு அடைபடுகிறது என்றார் டாக்டர்.

"அப்போ நா நைட்டெல்லாம் தூங்கலியா சார்?"

"தூங்குறீங்க. ஆனா தூங்கல."

அருள்தாஸ் தலையை ஆட்டினார். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு வரை நடந்த பிறகு, தான் எதற்குத் தலையை ஆட்டினோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

வைத்தியம் ஒரு மெஷின். படுக்கும்போது மாஸ்க் போட்டுக்கொண்டால், அது காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால் மெஷினே கணக்கெடுத்துக் காட்டும். அதைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுப்பேன் என்றுவிட்டார் டாக்டர். மாஸ்க் என்றதும் கொரோனாவில் போட்டது மாதிரி காதில் மாட்டுகிற துணி என்றுதான் அருள்தாஸ் நினைத்தார். மாஸ்க் அளவெடுக்கிற அறைக்குள் போனால் சுவர் முழுக்க விதவிதமாகத் தொங்குகின்றன. ஒன்று மூக்குத் துவாரத்தில் மட்டும் சொருகிக்கொள்வது. ஒன்று மூக்கை மூடுவது. ஒன்று மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. அதைவிட அவரைத் திகைக்க வைத்தது அங்கே நின்ற பெண். இளவரசி. கரிக்கலாம்பாக்கத்துப் பெண், இரண்டு வருஷம் அவருடைய வேனில் கம்பெனிக்குப் போனவள். அப்புறம் படித்து இந்த வேலைக்கு வந்திருக்கிறாள்.

"அய்யோ, தாஸ் அண்ணே! நீங்களா?" என்று அவள் சிரித்ததும் அவரும் அந்தப் பேஸ்ட் விளம்பரச் சிரிப்பைச் சிரித்துவிட்டார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இளவரசி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். "தூங்கும்போது மூக்கால மூச்சு வுடுவீங்களா, வாயாலயா?"

தூங்குகிறவன் எப்படிச் சாட்சி சொல்வான்? ஆனாலும் இந்தப் பெண்ணிடம் போய், ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவன் என்று எப்படி ஒப்புக்கொள்வது? "மூக்காலதாம்மா" என்றார்.

"பல்லு எதுனா கட்டியிருக்கீங்களாண்ணே? கழட்டி மாட்றா மாதிரி?"

பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. "எனக்கா? நல்லாக் கேட்டம்மா" என்று இன்னொரு தடவை சிரித்துக் காட்டினார். இளவரசி 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் மாட்டிப் பார்த்தபோது சொட்டுக் காற்று வெளியே போகவில்லை. வீட்டில் கதையே வேறு. மூக்கு வழியாக உள்ளே போன காற்று வாய் வழியாக வெளியே ஓடியது. காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினில் ஒரு சின்னத் திரை உண்டு. மாஸ்க் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் பச்சை நிறத்தில் சிரிக்கிற முகம் வரும், காற்று கசிந்தால் சிவப்பில் அழுகிற முகம். ஐந்து நாளும் அழுகிற முகம்தான். "இந்த மெஷினுக்கு இன்னாங்க கொற? நம்ம வூட்டுக்கு வந்ததுலேர்ந்து அழுவுது" என்றாள் ஸ்டெல்லா.

திரும்பப் போனார். இளவரசி கணக்கைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க வாயாலதான் மூச்சு வுடுறீங்க. இதுல வெக்கப்பட இன்னா இருக்குது? ஒங்களுக்கு ஃபுல் ஃபேஸ்தான் சரிப்படும்" என்று சொல்லி, மீடியம் சைஸை எடுத்து வைக்கிறேன், மறுநாள் வாருங்கள் என்று அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து, "ஃபுல் ஃபேஸ் போடணுமாம்" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். அவளுக்குத் தெரிந்த ஃபுல் ஃபேஸ் ஒன்றே ஒன்றுதான். பைக்கில் போலீஸ் பிடிக்கிறான் என்று போன வருஷம் வாங்கிப் பரணில் போட்டது. அதை இறக்கித் தூசி தட்டி, "இதப் போட்டுனு எப்பிடி ஒருக்களிச்சிப் படுப்பீங்க?" என்று கேட்டாள். அருள்தாஸும் அந்த ஹெல்மெட்டைக் கையில் வாங்கி, குழாயை எந்த ஓட்டையில் சொருகுவார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்தார். அவருடைய அறிவு அந்தச் சமயத்தில் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மறுநாள் போட்டுப் பார்த்த அசல் ஃபுல் ஃபேஸ் மாஸ்க், மூக்கில் ஆரம்பித்துக் கீழுதட்டுக்குக் கீழே போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் பச்சைச் சிரிப்பு. "அளவெடுத்துச் செஞ்சா மாதிரி இருக்குதுண்ணே" என்றாள் இளவரசி. அன்று ராத்திரி வீட்டில் மாட்டினால் இரண்டு கன்னத்திலும் புஸ் புஸ் என்று காற்று. கண்ணுக்குள் ஊதுகிறது. பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகிறது, கன்னம் மட்டும் அடைபடவில்லை. கீழ் விளிம்பு முகவாய்க்கும் கீழே இறங்கித் தொங்குகிறது. காலையில் சிவப்பு முகம் அழுதது. ஸ்டெல்லா முதலில் ஃபேனைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் தலையணையை. பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி, தலைமாட்டை மாற்றிப் படுக்கச் சொன்னாள். மாதா கோயில் குளத்துத் தண்ணீரை மாஸ்க் மேல் தெளித்துக்கூடப் பார்த்தாகிவிட்டது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மாட்டினால் பச்சைச் சிரிப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்தால் சிவப்பு அழுகை. அதே மெஷின், அதே மாஸ்க், அதே ஆள். அருள்தாஸுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "நா பொய் சொல்றன்னு அந்தப் பொண்ணு நெனைக்கும். நீயே சொல்லு, நா பொய் சொல்ற ஆளா?" என்று மனைவியிடம் கத்தினார். இதற்குள் ஒரு மாதம் வீணாகிவிட்டது. அரிகரனையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கலைவேந்தன் யோசிக்கிறாராம். கடைத்தெருவில் பார்த்த செங்கமலம், "எப்ப வரப்போறீங்கண்ணே? அந்தப் பையன் குலுக்கற குலுக்குல ஒருத்திக்கும் கண்ணு மூடல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை. அருள்தாஸ் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா டம்ளரை விளக்கிக் கவிழ்க்கப் போனவள், கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். புருஷன் உள்ளே வந்தார், பல்லோடு, கன்னம் புடைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற முகத்தோடு. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். ராத்திரி மாஸ்க் மாட்டிவிடுகிறவள் அவள்தானே. அந்த முகம் எப்படி ஒடுங்கிக் கிடக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் பல் விஷயத்தை யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். அதனால் டம்ளரைத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி நானும் வரன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இளவரசி வழக்கம்போல மாஸ்க்கை மாட்டினாள். வழக்கம்போலப் பச்சைச் சிரிப்பு. இளவரசி உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கே ஒண்ணும் புரியலண்ணே. வூட்ல இன்னாதான் பண்றீங்க?"

அப்போது ஸ்டெல்லா எழுந்தாள். பையிலிருந்து டம்ளரை எடுத்தாள். மூலையில் இருந்த கேனில் தண்ணீர் பிடித்தாள். கொண்டுவந்து புருஷன் முன்னால் மேஜை மேல் வைத்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

"தண்ணி வேணுமாண்ணே?" என்றாள் இளவரசி.

அருள்தாஸ் டம்ளரைப் பார்த்தார். முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்ததை நடு மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டாளே. அப்புறம்தான் மண்டைக்குள் ஏதோ ஒவ்வொன்றாக விழுந்தது. ஆஸ்பத்திரியில் பல் இருக்கிறது. வீட்டில் இல்லை. அளவெடுத்தது ஒரு முகத்துக்கு, தூங்கப் போனது வேறொரு முகம். காது சிவந்துவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று கைப்பிடியைப் பிடித்தவருக்கு, செங்கமலத்தின் நெற்றி ஞாபகத்துக்கு வந்தது. கம்பி பட்டு வீங்கிய அந்த இடம்.

"இளவரசி, அந்தக் கதவச் சாத்தும்மா" என்றார்.

அவள் சாத்தினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, மேல்செட்டையும் கீழ்செட்டையும் கழற்றி டம்ளரில் போட்டார். 'ணங்' என்று சத்தம் கேட்டது. திரும்பும்போது கையால் வாயை மூடிக்கொண்டுதான் திரும்பினார். அப்புறம் கையையும் எடுத்தார்.

இளவரசி ஒரு வினாடி பார்த்தாள். சிரிக்கவில்லை, அய்யோ பாவம் என்றும் சொல்லவில்லை. அளவு அட்டையை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "வாயக் கொஞ்சமா தொறந்து வெச்சிக்கிங்கண்ணே. தூங்கும்போது எப்பிடியோ அப்பிடி" என்று சொல்லி, மூக்குத்தண்டிலிருந்து கீழுதடு வரை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல்கடை குறைந்திருந்தது. "மீடியம் இல்லண்ணே, நீங்க ஸ்மால்" என்றாள். கன்னப்பள்ளத்தை அடைக்கிற மாதிரி விளிம்பு பருத்து மெத்தென்று இருக்கிற இன்னொரு வகையைத் தேடி எடுத்தாள். கட்டிலைக் காட்டி, "உக்காந்து பாத்தா பத்தாது, படுங்க" என்றாள்.

"பல்ல மாட்டினே படுக்கலாமா?" என்று அவர் கேட்டார். பல் இல்லாமல் அவர் பேசியது பாதிதான் புரிந்தது. ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள்.

"ஈறு புண்ணாவும்ணே. கழட்டிட்டுத் தூங்குங்க. மாஸ்க்குதான் நமக்கு ஏத்தா மாதிரி இருக்கணும்."

படுத்தார். மெஷின் மெல்ல ஊத ஆரம்பித்தது. கன்னத்தில் காற்று இல்லை, கண்ணில் காற்று இல்லை. திரையில் பச்சை. வெறும் வாய்க்குப் பச்சை! ஐந்து நிமிடம் படுக்கச் சொன்னாள் இளவரசி. கண்ணை மூடினார்.

விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. காலையா, சாயங்காலமா? தலை கழுவி விட்டாற்போல் லேசாக இருந்தது. அது அவருக்குப் பழக்கமில்லாததால் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தே போனார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "இன்னிக்கி இன்னா கெழம?" என்று கேட்டார்.

"வியாழக்கெழமதான்" என்றாள் ஸ்டெல்லா. "ரெண்டு மணி நேரம் தூங்கிட்டீங்க. சத்தமே இல்ல. நா வழக்கம் போல மூக்குல கை வெக்க வந்தன், இந்தப் பொண்ணுதான் வேணாம்னுச்சி." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷமாகக் கை வைத்துப் பார்த்தவள் அவள்.

மேஜை மேல் டம்ளர் அப்படியே இருந்தது. இந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேர் இந்த அறைக்குள் வந்து போனார்களோ. அருள்தாஸுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் சிரித்துவிட்டிருந்தார். ஈறு தெரிய, இளவரசியைப் பார்த்து. அவளும் சிரித்துவிட்டு, படிவத்தில் 'இல்லை' என்பதை அடித்து 'உண்டு' என்று எழுதினாள்.

வீட்டிலும் பச்சை முகமே வந்தது. முப்பது நாள் கணக்கைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தார். முப்பத்தெட்டு இருந்த இடத்தில் மூன்றுதானாம். மாஸ்க்கை ஒரு நாளும் விடக் கூடாது என்று எச்சரித்தார். கலைவேந்தன் அந்தத் தாளைத் தலைகீழாக ஒரு தடவையும் நேராக ஒரு தடவையும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

ஆனால் தாளை டாக்டரும் முதலாளியும் படித்தால் போதுமா? முதல் நாள் வேனில் யாரும் தூங்கவில்லை. பதினெட்டு ஜோடிக் கண்கள். மங்கலம் தாண்டியதும் செங்கமலம் குழம்பு கேட்டாள், பொரியல் கேட்டாள், ரசம் கேட்டாள். அருள்தாஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மூன்றாம் நாள் பின்சீட்டில் இரண்டு தலை சாய்ந்தது. ஐந்தாம் நாள் நாலைந்து. எட்டாம் நாள் செங்கமலத்தைத் தவிர எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, பதினேழு பேருக்கும் சேர்த்து விழித்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் மங்கலம் தாண்டியது. வில்லியனூர் கேட் திறந்தே இருந்தது. வண்டி தண்டவாளத்தை மெல்ல ஏறி இறங்கியது. பின்னாலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது.

"அண்ணே, நேத்து உங்க வூட்ல இன்னா..."

மிச்சம் வரவில்லை. அருள்தாஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். செங்கமலம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கருவாட்டுக் கொழம்பும்மா" என்றார் அருள்தாஸ், யாரும் எழுந்துவிடாத குரலில்.